நீலநூல் வாய்க்கட்டு

வாழைச்சாறு துணியில் பட்டால் லேசில் போகாது, இன்ஸ்பெக்டர். நீங்கள் என் சட்டைக் கையையே அடிக்கடி பார்ப்பதைக் கவனித்தேன். அது இரத்தமில்லை. வாழைத்தண்டை உரித்துப் பிழிகிறபோது தெறித்தது. எலுமிச்சம்பழம் தேய்த்தும் போகவில்லை, உப்பில் ஊறப் போட்டும் போகவில்லை. இந்தத் தொழிலில் இறங்கிய பிறகு என்னிடம் நல்ல சட்டை என்று ஒன்றுகூட மிஞ்சவில்லை.

நீங்கள் என்னை வற்புறுத்தவில்லை. மரியாதையாகத்தான் உட்கார வைத்தீர்கள். அதனால் எல்லாவற்றையும் நானாகவே சொல்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். அதோ எழுதிக்கொண்டிருக்கிற தம்பியிடம், மூக்கையும் வாயையும் மூடக் கட்டுகிற அந்த வாய்க்கட்டு எப்படிச் செய்யப்பட்டது என்பதையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள். அதை எழுதாவிட்டால் மற்றது யாருக்கும் விளங்காது.

என் பெயர் ராஜரத்தினம். மலாக்காவில் காஜா பேராங் பக்கம் எல்லாரும் டிரஸ்ஸர் என்று கூப்பிடுவார்கள். குருபோங் பக்கத்துத் தோட்டமொன்றின் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்தேன். காயத்துக்கு மருந்து போடுவது, ஊசி குத்துவது, பிரசவத்துக்குத் துணை நிற்பது எல்லாம் என் வேலைதான். பெரிய டாக்டர் மாதத்துக்கு ஒரு முறை காரில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். சயரோக நோயாளிகள் இருந்த பக்கம் போகும்போது வாயில் கட்டிக்கொள்ள எங்களுக்கு வலைத்துணி கொடுத்திருந்தார்கள். அதை வேகவைத்து, காயவைத்து, மறுபடியும் கட்டுவோம். ஒருவன் இருமியதை இன்னொருவன் மூக்கில் கட்டுகிறோமே என்பது எனக்கு மட்டும் அருவருப்பாக இருந்தது. சரியாக வேகவைக்கிறார்களா என்று யார் பார்த்தார்கள்? பாதி நாள் வெந்நீரில் நனைத்து எடுத்ததோடு சரி.

அப்போதே எனக்கு அந்த யோசனை வந்துவிட்டது. ஒரு தடவை கட்ட வேண்டும், கழற்றிப் போட்டுவிட வேண்டும். போட்ட இடத்தில் அது குப்பையாகக் கிடக்கவும் கூடாது. கந்தல் துணியைத் தெருவோர லோங்காங்கில் வீசி வீசி, மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிற ஊர் நம்முடையது. மண்ணில் போட்டால் மண்ணாகவே போகிற பொருளாக அது இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

பல வருஷத்துக்கு முன்னால் தோட்டம் கைமாறியபோது என் வேலை போயிற்று. நானும் என் மனைவி கமலவேணியும் காஜா பேராங்கில் ஒரு பலகை வீட்டை வாடகைக்குப் பிடித்தோம். பின்னால் வாழைக்கூட்டம் இருந்தது. குலை வெட்டிய பிறகு மரத்தை யாரும் சீந்துவதில்லை. அதை உரித்து, சாம்பல் கரைத்த தண்ணீரில் வேகவைத்து, கல்லில் அடித்து நார்க்கூழாக்கினேன். ஜவ்வரிசி மாவுக் கஞ்சியைக் கலந்து, சட்டத்தில் கட்டிய துணியின்மேல் மெல்லிசாகப் பரப்பி, தகரத்தில் காயவைத்தேன். தாள் வந்தது. இரண்டு தாளுக்கு நடுவே இலவம்பஞ்சை மெத்தைபோல ஒட்டினேன். மலாய்க்காரர்கள் அதைக் கெகாபு என்பார்கள். கிளேபாங் போகிற வழியெல்லாம் மரத்தில் வெடித்துப் பறந்துகொண்டிருக்கும். காதில் மாட்ட நூல் தைத்துக் கொடுத்தது கமலவேணி. கம்பி கிடையாது, ரப்பர் கிடையாது. புதைத்தால் அடுத்த மழைக்குள் இருந்த இடம் தெரியாது. செலவு என்று பார்த்தால் உழைப்பு மட்டும்தான். இப்படி ஒரு பொருளை இந்த நாட்டில் அதற்கு முன்னால் யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

சிங்கப்பூரில் விஷக் காய்ச்சல் பரவுகிறது என்று பத்திரிகையில் வந்த வாரம், எங்கள் ஊர்த் தமிழர் சங்கத்தில் கூட்டம் நடந்தது. ஆகஸ்டு கடைசியில் இந்த நாட்டுக்குச் சுதந்திரம். ஊர்வலத்தில் நம் ஆட்கள் எப்படிப் போவது என்று பேசக் கூடியிருந்தார்கள். கடைசியில் எனக்குக் கொஞ்ச நேரம் கேட்டிருந்தேன். வாய்க்கட்டுகளை ஒரு தட்டில் அடுக்கி எடுத்துப் போயிருந்தேன்.

சங்கச் செயலாளர் கலியாணசுந்தரத்தை உங்களுக்குத் தெரியும். வக்கீல் ஆபீசில் குமாஸ்தா. நான் பேசி முடிக்கிறவரை பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு ஒன்றை விரல் நுனியில் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"டிரஸ்ஸர், இது காகிதமா, அப்பளமா?" என்றார்.

சபை சிரித்தது. அவர் மேசையிலிருந்த கிளாஸ் தண்ணீரில் அதை முக்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் தூக்கினார். அது பிய்ந்து பிய்ந்து விழுந்தது. தண்ணீரில் முக்குவதற்காக அது செய்யப்படவில்லை என்று நான் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.

"பாத்தீங்களா? ரெண்டு தும்மல் போட்டா கையில கூழாத்தான் வரும். சுதந்திரம் வாங்கப் போற நேரத்துல நம்மாளுங்க வாழமட்டைய மூஞ்சில கட்டிக்கிட்டு ஊர்வலம் போனா, மத்தவங்க நம்மள என்னா நெனைப்பாங்க?"

பாசாரில் ஆப்பம் விற்கிற அஞ்சலை பின்வரிசையில் இருந்தாள். அவள் குரல் உங்களுக்குத் தெரியாது. மூன்று தெரு தாண்டிக் கேட்கும்.

"டிரஸ்ஸரண்ணே, எனக்கு ஒரு கட்டு குடுங்க லா. ஆப்பம் மடிச்சுக் குடுக்க வாழையெல பத்த மாட்டேங்குது."

அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். கூட்டம் கலைந்த பிறகு கலியாணசுந்தரத்தின் மகள் சீதா மட்டும் மேசையருகே வந்தாள். கமலவேணியிடம் தையல் பழகிக்கொண்டிருந்த பெண். எங்களுக்குப் பிள்ளையில்லாததால் பாதி நாள் எங்கள் வீட்டில்தான் இருப்பாள். ஈரத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் வைத்தாள். "அப்பா அப்படித்தான் மாமா, நீங்க ஒண்ணும் நெனைச்சுக்காதீங்க," என்றாள். மிச்சமிருந்ததில் ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்று தலையை ஆட்டிக் காட்டினாள்.

சிரித்தவர்களைவிட இரக்கப்பட்ட அந்தப் பெண்ணின் முகம்தான் எனக்கு அதிக நாள் நினைவில் இருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், விவரம் எதுவும் விடுபட்டுப் போகக்கூடாது என்பதற்காக.

காய்ச்சல் மலாக்காவுக்கு வந்து சேர அதிக நாள் ஆகவில்லை. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். வீட்டுக்கு வீடு ஒருவர் படுத்திருந்தார். மருந்துக் கடைகளில் வலைத்துணி தீர்ந்துபோயிற்று. அப்போது அப்துல் சமது பாய் தம்முடைய மளிகைக் கடையில் என் வாய்க்கட்டுகளை ஒரு தகரப் பெட்டியில் போட்டு வைத்தார். "தண்ணியில ஏன் முக்கணும், வாயிலதான கட்டணும்," என்று வருகிறவர்களிடம் சொல்வார். நல்ல மனிதர். மக்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். புக்கிட் காதிலிலிருந்தெல்லாம் ஆள் வந்தது.

பயன்படுத்தியதை லோங்காங்கில் போட வேண்டாம், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன். சாயங்காலம் மூடி போட்ட வாளியோடு வீடு வீடாகப் போவேன். நோயாளி இருக்கிற வீட்டில் வாசலிலேயே வைத்திருப்பார்கள். வாழைக்கூட்டத்தடியில் குழி வெட்டிப் புதைப்பதாக ஏற்பாடு. டிரஸ்ஸருக்கு எவ்வளவு பெரிய மனசு என்று ஊரில் பேச்சு வந்தது. முதல் வாரம் உண்மையாகவே புதைத்தேன்.

அந்தச் சமயத்தில் கலியாணசுந்தரம் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றபடியே, "அன்னைக்குப் பேசினத மனசுல வெச்சுக்காதீங்க டிரஸ்ஸர். வீட்டுக்குக் கொஞ்சம் வேணும்," என்றார். சொல்லும்போது சிரித்தார். அது மன்னிப்புக் கேட்கிற சிரிப்பில்லை. கொடுக்கிறேன் என்றேன்.

இப்போது நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு பொருள் வேலை செய்கிறது என்று சொன்னால் போதாது, காட்ட வேண்டும். சுகாதார அதிகாரி ஒருவருக்கு மாதிரி அனுப்பினேன், பதில் இல்லை. அவர்மேல் தப்பில்லை. கட்டியவனுக்குக் காய்ச்சல் வரவில்லை என்றால், கட்டாவிட்டாலும் வந்திருக்காது என்று யாரும் சொல்லலாம். இரண்டு பக்கம் இருந்தால்தானே வித்தியாசம் தெரியும்? ஆகவே இலவம்பஞ்சு வைக்காமல், வெறும் தாளாகவே சில செய்தேன். குழம்பிவிடக் கூடாது என்று அவற்றுக்கு மட்டும் நீலநூல் தைக்கும்படி கமலவேணியிடம் சொன்னேன். மற்றவற்றுக்கு வெள்ளை. வெள்ளைநூல் தீர்ந்துவிட்டதோ என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் தைத்துக் கொடுத்தாள்.

சமது பாயின் கடைக்கு வெள்ளைநூல் மட்டும்தான் போயிற்று. நீலநூலை என் கையாலேயே கொடுத்தேன். ஒரு நாள் அவர் கேட்டார்: "டிரஸ்ஸரே, அந்த நீலநூல் கட்டினதுல நாலஞ்சு நம்ம கடைக்கும் குடுத்தா என்னா? பாக்க அழகா இருக்கு."

"அது தெரிஞ்சவங்களுக்கு பாய்," என்றேன்.

ஆனால் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. வெள்ளை கட்டியவர்களும் நடமாடினார்கள், நீலம் கட்டியவர்களும் நடமாடினார்கள். அஞ்சலை நீலத்தைக் கட்டிக்கொண்டு பாசாரில் அதே குரலில் கூவி விற்றுக்கொண்டிருந்தாள். கலியாணசுந்தரம் நீலத்தைக் கழுத்தில் இறக்கிவிட்டுக்கொண்டு சங்கத்தில் பேசினார். நான் உட்கார்ந்து யோசித்தேன். மழையே பெய்யாத இடத்தில் குடை பிடித்தவனும் நனைய மாட்டான், பிடிக்காதவனும் நனைய மாட்டான். குடையின் அருமை தெரிய வேண்டுமானால் மழை பெய்தாக வேண்டும். அதை யாராவது ஒரு பக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

வாளியில் வந்ததை அன்றிலிருந்து புதைக்கவில்லை.

கஷ்டப்பட்டிருப்பேன் என்று நினைக்காதீர்கள். பயன்படுத்திய வாய்க்கட்டின் உள்தாளைப் பிரிப்பது சுலபம். ஈரத்தில் பசை இளகியிருக்கும். யார் வீட்டில் காய்ச்சல் கடுமையாக இருக்கிறது என்பது எனக்குத்தான் தெரியும். அங்கிருந்து வந்த தாளைப் புதிய நீலநூல் வாய்க்கட்டின் தாள்களுக்கு நடுவே, பஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் வைத்தேன். கொஞ்சம் யூகலிப்டஸ் தைலம் தடவினேன். வாசனை பிடித்திருக்கிறது என்று அஞ்சலையே சொன்னாள்.

தோட்டத்தில் எதை அருவருத்தேனோ அதையே செய்தேன் என்று நீங்கள் சொல்லலாம். இல்லை, இன்ஸ்பெக்டர். அங்கே அது கவனக்குறைவால் நடந்தது. இங்கே நான் ஒவ்வொன்றையும் கவனமாகச் செய்தேன்.

அஞ்சலை படுத்தாள். நெஞ்சில் சளி இறங்கிவிட்டது. அவள் புருஷன் என்னைத்தான் முதலில் கூப்பிட்டான். போய்ப் பார்த்தேன். நெற்றியில் ஈரத்துணி போடச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் சொன்னேன். குரல் போயிருந்தது. உதடு அசைவதை வைத்துத்தான் தண்ணீர் கேட்கிறாள் என்று கண்டுபிடித்தேன். நானே ஊட்டினேன். மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

நல்ல பெண்தான். ஆனால் அந்தத் தெரு அதற்குப் பிறகு எவ்வளவு அமைதியாக இருந்தது என்பதையும் நான் கவனிக்காமல் இல்லை.

கலியாணசுந்தரத்துக்கும் வந்தது. வந்ததும் போயிற்று. பலமான உடம்பு. கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு வாரம் சாய்வு நாற்காலியில் இருந்தார், பிறகு எழுந்து ஆபீசுக்குப் போனார். அவர் மகள் சீதா எழுந்திருக்கவில்லை.

இங்கே வந்ததும் நீங்கள் முதலில் கேட்டபோது, அப்பாவுக்குக் கொடுத்த வாய்க்கட்டுகளில் ஒன்றை அந்தப் பெண் எடுத்திருக்க வேண்டும் என்று உங்களிடம் சொன்னேன். அதை அடித்துவிட்டுச் சரியாக எழுதச் சொல்லுங்கள். அவளுக்கு என் கையால் கட்டிவிட்டேன். கமலவேணியிடம் தையலுக்கு வந்திருந்தாள். அப்பா படுத்திருக்கிறார், நான்தான் கஞ்சி கொடுக்க வேண்டும், நல்லதாக ஒன்று கொடுங்கள் மாமா என்று கேட்டாள். வெள்ளைநூல் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் எழுந்து போய் மற்றப் பெட்டியைத் திறந்தேன். சிறு வயதில் அவளுக்கு இழுப்பு உண்டு. மூச்சுத் திணறும்போதெல்லாம் கமலவேணிதான் மடியில் சாய்த்துக்கொள்வாள், நான் மருந்து கொடுப்பேன். அவள் நெஞ்சு எப்படிப்பட்டது என்று இந்த ஊரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் கிடையாது. நூலைக் காதில் மாட்டும்போது முடி சிக்கிக்கொண்டது, மெதுவாக எடுத்துவிட்டேன். "இப்ப எனக்குப் பயமில்ல மாமா," என்றாள்.

அவளை எடுத்துக்கொண்டு போகும்போது தெருவில் சுதந்திரத்துக்காகக் கட்டியிருந்த காகிதத் தோரணம் மழையில் நனைந்து சாயம் ஒழுகிக்கொண்டிருந்தது. நான் முன்னால்தான் நடந்தேன். கலியாணசுந்தரம் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கைவிட்டால் விழுந்துவிடுவார் போலிருந்தது. சங்கத்தில் நின்று பேசிய ஆளா இவர் என்று எனக்குத் தோன்றியது. அந்தக் கையின் கனம் எனக்குப் பாரமாகத் தெரியவில்லை.

மற்றது கமலவேணி சொல்லியிருப்பாள். அப்பாசாமி அண்ணன் என்று மாட்டுவண்டி ஓட்டுகிற ஒருவர் எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கிறார். எப்போதும் வெற்றிலை போடுவார். காய்ச்சலில் கிடந்தபோதுகூட விடவில்லை. அவர் கழற்றிப் போட்ட வாய்க்கட்டின் தாளை விறகுக் கொட்டகையில் கொடியில் போட்டிருந்தேன். கமலவேணி விறகெடுக்கப் போனவள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"இது அப்பாசாமி அண்ணனோட வெத்தலக் கறதானங்க?"

"ஆமா."

"புதைக்கத்தான வாங்கிட்டு வந்தீங்க? இத எதுக்குக் காய வெச்சிருக்கீங்க?"

அவள் உள்ளே போய், நான் தனியாக வைத்திருந்த பெட்டியைத் திறந்து, தைத்த ஒன்றை எடுத்து என் கண்முன்னாலேயே கிழித்தாள். நடுவில் இருந்த தாளிலும் சிவப்பாக ஒரு விளிம்பு இருந்தது. அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சீதாவுக்கு நீங்க கட்டிவிட்டது என்னா நூலுங்க?"

"நீ தெச்சதுதான்," என்றேன். "நீலம்."

அவள் அழவில்லை, கத்தவில்லை. இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அந்தப் பெட்டியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். எங்கே போகிறாய் என்று கேட்டேன். "நான் தெச்சதச் சொல்றதுக்கு," என்றாள். தடுத்திருக்கலாம். என்னைவிடப் பலமில்லாதவள். ஆனால் எப்படியும் இந்த விஷயம் ஒரு பெரிய அதிகாரியின் பார்வைக்குப் போக வேண்டும் என்றுதானே நானும் இருந்தேன்? அவள் உங்களிடம் வந்ததில் எனக்கு வருத்தமில்லை. அவள் அந்தத் தாளைப் பிடித்திருந்த விதம்தான் பிடிக்கவில்லை. கையைக் கழுவச் சொல்லுங்கள்.

எந்த டாக்டரும் எனக்கு எதிராகச் சத்தியம் செய்ய முடியாது என்பது எனக்குத் தெரியும். ஊரெல்லாம் பரவிக் கிடந்த காய்ச்சல். அஞ்சலை பாசாரில் ஆயிரம் பேருக்கு நடுவில் நின்றவள். சீதா அப்பாவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள். எங்கிருந்து வந்தது என்று யார் சொல்ல முடியும்? நான் மறுத்தால் உங்களுக்குச் சிரமம்தான். நான் மறுக்கவில்லை. அவர்களுக்குக் காய்ச்சல் வர வேண்டும் என்றுதான் கொடுத்தேன். வந்தது. அஞ்சலையையும் சீதாவையும் நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இதை மறுத்தால் வாய்க்கட்டு வேலை செய்தது என்பதையும் சேர்த்து மறுத்ததாக ஆகிவிடும். வெள்ளைநூல் கட்டியவர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை. சுதந்திரம் வந்த பிறகு நம்முடைய அரசாங்கத்தில் யாராவது விஷயம் தெரிந்தவர் இதைப் படிப்பார்.

கடைசியாக நீங்கள் ஒன்று கேட்டீர்கள்: யாருக்கு நீலம், யாருக்கு வெள்ளை என்று எப்படித் தீர்மானித்தாய் என்று. அதில் தீர்மானம் எதுவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு பெட்டியில் கைவிட்டது போலத்தான். யார்மேலும் எனக்குப் பகை கிடையாது, இன்ஸ்பெக்டர். சந்தேகமிருந்தால் காஜா பேராங்குக்கு ஆள் அனுப்பி, எனக்குப் பிடித்தவர்கள் யார் யார் என்று விசாரித்துப் பாருங்கள்; அவர்கள் அத்தனை பேரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.